நாலு பேருக்குக் குழம்பு

பணி ஓய்வுக்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை, ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சமுதாய வானொலியைத் தவிர. அதுவும் என் குரலுக்காக அல்ல. உரிமத்தின் நிபந்தனைகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் தாலுகா அலுவலகத்தில் தலை நரைத்தவன். எந்தக் கோப்பை எந்த விதியைக் காட்டி நிறுத்தலாம் என்பது எனக்கு மனப்பாடம்.

நிலையம் என்பது இரண்டு அறையும் ஒரு கோபுரமும்தான். ஆவுடையார்கோவில் போய்ச் சேருவதற்குள் எங்கள் குரல் வெறும் இரைச்சலாகிவிடும். ஆனால் துறைமுகத்தை ஒட்டிய மீன் கொட்டகைகளில் தெளிவாகக் கேட்கும். இறால் உரிக்கும் பெண்களுக்கு நாள் முழுக்கக் கை ஈரம். போன் பைக்குள் கிடக்கும். தூணில் தொங்கும் ரேடியோவைக் கேட்கக் கை தேவையில்லை.

நிபந்தனைகளில் முக்கியமானது, நாங்களாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது. காற்று, மழை, மருத்துவ முகாம் எல்லாம் தகவல், சொல்லலாம். படகு வந்தது, வரவில்லை, ஆளைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் செய்தி. இதை நானே தட்டச்சு செய்து ஒலிபரப்பு அறைக் கதவில் ஒட்டினேன். பெரிய நிலையங்கள் செய்தி சொல்லும். ஆனால் எங்கள் ஊர்ப் படகு அவற்றில் இடம்பிடிக்க வேண்டுமானால் குறைந்தபட்சம் கைதாக வேண்டும். பத்திரமாகத் திரும்பிய படகை அவை சீண்டுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில், வர வேண்டிய விசைப்படகு ஒன்று வரவில்லை. பத்து மணிக்குச் சமையல் குறிப்பு சொல்லும் அறிவிப்பாளர், மீனவர் வீட்டுப் பெண், போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், எஞ்சின் மக்கர் பண்ணி வடக்க கரை ஒதுங்கிட்டாங்களாம். நாலு பேரும் நல்லா இருக்காங்க. சொல்லிரவா?"

"அது செய்திம்மா."

"நல்ல செய்திதான சார்."

"நல்லது கெட்டதுன்னு விதியில பிரிக்கலை."

அவர் கதவில் இருந்த தாளைப் பார்த்தார். "சமையல் குறிப்புக்கு என்ன விதி?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல."

இதை வாய்தவறிச் சொன்னேனா, தெரிந்தே சொன்னேனா என்ற விசாரணை இன்னும் நிலுவையில் இருக்கிறது. எஞ்சின் பழுதாகி வடக்கே ஒதுங்கிய நாலு பேர் சாயங்காலம் பசியோடு வீடு திரும்பினால் குழம்பு வைப்பது எப்படி என்று அவர் மைக்கில் விளக்கினார். நிகழ்ச்சிப் பதிவேட்டில் 'மீன் குழம்பு, நான்கு நபர்களுக்கு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அதன்பின் படகு தாமதமான நாளெல்லாம் எங்கள் நிலையத்தில் குழம்பு கொதித்தது. கரையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. தாமதமாகாத நாளிலும் அப்படித்தான் கேட்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அறிவிப்பாளர் உண்மையிலேயே ஒரு சமையல் குறிப்பு சொன்னார். மூன்று பேருக்கு நண்டு ரசம். கால்மணி நேரத்தில் ஒரு பெண் செருப்பில்லாமல், விரலில் ஒட்டிய இறால் ஓட்டோடு உள்ளே வந்தார். அவர் கணவர் போன படகு அதுவரை திரும்பவில்லை; போன் அடித்தால் தொடர்பு கிடைக்கவில்லை.

"நாலு பேரு போனாங்க. மூணு பேருக்குத்தான் ரசம் சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரு எங்க சார்?"

எல்லா விதியும் தெரிந்த நான் அறிவிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அது எங்க வீட்டு ரசம். நாங்க மூணு பேருதான்" என்றார் அறிவிப்பாளர்.

"மறைக்காதீங்க." அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் துறைமுகத்துக்கு அடித்தோம். மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காவதாக ஒரு மீன் வியாபாரி எடுத்தார். படகு இப்போதுதான் அணைகிறது என்றார்.

"ஆளை எண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

"நாலுதான் சார். ஒருத்தர் ஐஸ் பெட்டி மேல உக்காந்து பீடி குடிக்கிறாரு."

தரையில் இருந்தவர் தலை நிமிர்ந்தார். "பீடியா? சிவப்புத் துண்டா?"

சிவப்புத் துண்டுதான்.

"விட்டுட்டேன்னு ஏந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுன மனுசன்." அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதில் அழுகை எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. "சார், சீக்கிரம் ரேடியோவுல சொல்லுங்க. மத்த மூணு வீட்டுக்காரிகளும் எந்த ஆளு கொறையுதுன்னு தெரியாம அங்கிட்டு நிக்கிறாளுக."

அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் என் தாள் ஒட்டியிருந்த கதவைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மைக் முன்னால் உட்கார்ந்தேன். பழைய அலுவலகக் குரலில் படித்தேன்: "திருத்தம். இன்று காலை சொன்ன நண்டு ரசத்தில், மூன்று நபர்கள் என்பதை நான்கு நபர்கள் எனத் திருத்தி வாசிக்கவும். நான்கு நபர்களும் கரைக்கு வந்து, பசியோடு இருக்கிறார்கள்."

வெளியே வந்தபோது அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தார்.

"பீடியையும் சேத்துச் சொல்லிருக்கலாம்ல சார்."

"அது செய்திம்மா" என்றேன்.