‘மாறும் காரணம்’ என்ற பெட்டி

கல்லூரி விளையாட்டுப் பிள்ளைகளின் வழக்குகளில் பந்து ஒரு தடவைகூட மேலே எழும்பாது. எல்லா ஆட்டமும் படிவத்திலும் திகதியிலும் கையெழுத்திலும்தான்.

நான் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில், கீழே சலவைக் கடையும் மேலே எங்கள் சட்டக் கந்தோருமாக இருக்கும் ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறேன். சட்டத்தரணி லூசிக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் மொழிபெயர்ப்பாளர், கோப்புக் காவல்காரி, தேநீர் போடுபவளும்கூட. ஒரு கல்லூரி அணியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறிய பிள்ளை உடனே விளையாடலாமா கூடாதா என்ற தகராறுகள் எங்களிடம் நிறைய வரும். விதி எளிமையானது. பலமான அணிகள் மற்ற அணிகளின் பிள்ளைகளை ஆசை காட்டி இழுக்கக்கூடாது. ஆகவே மாறுகிற பிள்ளை ஒரு பருவம் வெளியே இருக்க வேண்டும். குடும்பத்தில் தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

இந்த நாட்டுக்கு வந்து படிவம் நிரப்பி, பிறகு அதே படிவத்தால் அடி வாங்கிய எல்லோரும் எனக்கு உறவுக்காரர்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

குறை வைக்காத படிவம்

ஓகஸ்ட் கடைசியில் தவராசா தன் இளைய மகள் நிதுஷாவோடு வந்தார். நிதுஷாவுக்குப் பத்தொன்பது வயது. கரப்பந்து அணியில் செற்றர். அதாவது மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். முதல் வருடம் இரண்டரை மணி நேரத் தூரத்தில் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தாள். இப்போது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு மாறியிருக்கிறாள். இங்கே பல்கலைக்கழகத்துக்கு முன் கல்லூரி இரண்டு வருடம்தான், ஆகவே இது அவளுக்குக் கடைசிப் பருவம். நவம்பரில் ஒரு பல்கலைக்கழகப் பயிற்றுநர் அவளுடைய ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அங்கே இடம் கிடைக்கும். ஆனால் கல்லூரிகளின் விளையாட்டுச் சபை, ‘ஒரு பருவம் வெளியே இரு’ என்று கடிதம் அனுப்பிவிட்டது.

தவராசா சபைக்கு அனுப்பிய படிவத்தின் பிரதியை லூசி வாங்கிப் பார்த்தார். ‘மாறும் காரணம்’ என்ற பெட்டியில் ஐந்து வரி இடம். தவராசா ஐந்தையும் ஆங்கிலத்தில், அழகான பெரிய எழுத்தில் நிரப்பியிருந்தார். இந்த மாகாணத்திலேயே பலமான அணி இதுதான். பயிற்றுநர் பெரும் புகழ் பெற்றவர். இப்படி ஓர் அணியில் சேர்ந்து கிண்ணம் வெல்வதே என் மகளின் ஆசை. விதி எதைத் தடுக்கிறதோ அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். லூசி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்டேன்.

“வேலைக்கு எழுதிப் போடேக்க கொம்பனியைப் புகழ்ந்துதானே அக்கா எழுதுறனாங்கள்? நானும் அப்பிடித்தான், ஒரு குறையும் வைக்காமல் எழுதினனான்.”

தண்ணீர்ப் போத்தல்

இருவரும் படியிறங்கிப் போன பிறகு நிதுஷா மட்டும் திரும்பி வந்தாள். தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டாளாம். போத்தலைக் கையில் எடுத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பிரெஞ்சில் தொடங்கினாள். வசந்த காலத்தில் அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. திங்கள், புதன், வெள்ளி காலையில் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முடிந்து எழும்பும்போது அம்மாவுக்குக் கால் நடுங்கும். பிடித்துக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அப்பா மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, பகலில் விட்டு வர முடியாது. மூத்தவள் நிரோஷி ரொரன்ரோவில். ஆகவே இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதைவிடத் தெளிவான குடும்பக் காரணம் நான் பதினெட்டு வருடத்தில் கண்டதில்லை. இதை ஏன் அந்தப் பெட்டியில் எழுதவில்லை என்று கேட்டேன். அவள் தமிழுக்கு மாறினாள். இப்படிப்பட்ட விஷயத்துக்கு அவளிடம் பிரெஞ்சில் சொல் இருக்கவில்லை.

“நிரோஷி அக்காக்கு ரொரன்ரோவில கலியாணம் பேசுகினம். அம்மாக்கு வருத்தம் எண்டு தெரிஞ்சால், அது பரம்பரை வருத்தமோ எண்டு கேப்பினம் எண்டு அப்பாக்குப் பயம். அதால வீட்டில ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லுறேல்லை. அம்மா ‘கிளாசுக்கு’ப் போறா எண்டுதான் சொல்லுவம்.”

இரண்டு பிள்ளைகள்

மேன்முறையீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. லூசி இரண்டு காகிதம் கேட்டார். ஒன்று வைத்தியரின் கடிதம், மற்றது தாயின் சத்தியக் கடிதம். நான் தவராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் சொல்லிவிட்டாள் என்பதை அவர் உடனே விளங்கிக்கொண்டார். கோபிக்கவில்லை. வைத்தியர் கடிதம் வேண்டாம், தான் எழுதிய படிவத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றும்போது ‘குடும்ப அலுவல்’ என்று பொதுவாக ஒரு சொல்லைச் சேர்த்துவிட முடியாதா என்று கேட்டார்.

முடியாது என்று சொன்னேன். நான் சத்தியம் செய்து செய்கிற வேலை இது; ஐந்து வரி இருந்தால் ஐந்து வரியும் அப்படியே போகும்; மூலப் படிவம் ஏற்கனவே அவர்களின் கையில் இருக்கிறது. எங்கள் சனங்களில் பாதிப் பேர் மொழிபெயர்ப்பாளரை ஒரு சொந்தக்காரராக நினைக்கிறார்கள். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, காரியத்தை முடித்துத் தருவார் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உடைப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் கூடுதலாக இருந்தது.

“அப்ப நான் எந்தப் பிள்ளையை விட்டுக்குடுக்கிறது எண்டு அதையும் நீங்களே சொல்லுங்கோ அக்கா.”

சித்தப்பாவின் அணி

இதற்கு நடுவில் நிதுஷா, வார இறுதியில் ரொரன்ரோவுக்குப் போவதாகச் சாதாரணமாகச் சொன்னாள். சித்தப்பாவின் பழைய பாடசாலைச் சங்கம் வருடா வருடம் நடத்தும் விளையாட்டு விழா. பெண்கள் கரப்பந்துக்கு ஒரு ஆள் குறைகிறதாம். கூடவே கூடாது என்றேன். கோப்பு திறந்திருக்கும்போது வெளியில் ஓர் அணிக்கு ஆடினால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டு. இதே போன்ற விழா மலரில் வந்த ஒரு படத்தால், கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையின் வழக்கை நாங்கள் முன்பு இழந்திருக்கிறோம்.

சித்தப்பாவுக்கு நானே எடுத்துப் பேசினேன். அவர் நல்ல மனிதர். கடைசியில் நிதுஷா போய்ப் பார்வையாளர் பக்கத்தில் நிரோஷிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். புள்ளி எழுதக்கூட விடவில்லை. ஆனால் சம்மதிக்க முன் அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை.

“அதை ஒரு மச் எண்டு ஆரக்கா உங்களுக்குச் சொன்னது? கொத்துரொட்டி தின்ன வாற சனத்துக்கு நடுவில ஒரு நெற் கட்டுறம், அவ்வளவுதான்!”

வெட்டிய வரி

ஏழாம் நாள் நிதுஷாவின் தாய் புவனா தானே தொலைபேசி எடுத்தார். வைத்தியர் கடிதத்தைக் கேட்டு வாங்கியாகிவிட்டது என்று சொல்லி, என்னைப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். சத்தியக் கடிதத்தில் கையெழுத்து வாங்க எனக்கு அதிகாரம் உண்டு. போனேன். ஒரு கையில் குழாய்கள் போட்டிருந்தார்கள். மற்றக் கையால் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பிரதியை வரிவரியாக வாசித்தார். ‘நான் மிகவும் கஷ்டப்படுகிறேன்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, அதை வெட்டச் சொன்னார். தனக்கு இருப்பது வருத்தம், அதாவது நோய்தான், கஷ்டம் அல்ல, இரண்டும் வேறு என்றார். சரியான திருத்தம். வெட்டினேன்.

கையெழுத்துப் போட்ட பிறகு, தவராசாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“சொல்லிப்போட்டன் அக்கா. நேற்று முழுக்கச் சாப்பிடேல்லை, கதைக்கேல்லை. இண்டைக்கு வேலைக்குப் போக முதல், நான் இஞ்ச வரேக்க போட என்ர கோட்டை எடுத்துக் கதவடியில வைச்சிட்டுப் போனவர்.”

மூன்று நாளும் நான்கு நாளும்

விசாரணை ஒரு சாதாரண அறையில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் குழுவில் மூன்று பேர். சபையின் சட்டத்தரணி ஒருவர். நிதுஷாவின் பழைய கல்லூரிப் பயிற்றுநரும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சபைச் சட்டத்தரணி மரியாதையானவர். அதனாலேயே அவருடைய கேள்விகள் ஆழமாக இறங்கின. முதல் படிவத்தில் நல்ல அணி என்றீர்கள், இப்போது தாயின் நோய் என்கிறீர்கள், எதை நம்புவது? தவராசா எழுந்து நின்று, முதலாவது என் கையெழுத்து, பயத்தில் எழுதியது, இரண்டாவதுதான் உண்மை என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த கேள்வி புவனாவுக்கு. மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால், அவளுக்குப் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நேரம் எங்கே? விளையாட நேரம் இருக்கிறது என்றால், வீட்டுக்கு வர வேண்டிய தேவை என்ன? நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். புவனா லூசியைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. குழுவைப் பார்த்துச் சொன்னார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் கொடுத்தேன். நடுவில் இருந்த பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“மூண்டு நாள் அவள் எனக்கு வேணும், அதுக்குத்தான் வந்தவள். மிச்ச நாலு நாளும் அவள் தன்ர விளையாட்டை விளையாடட்டும். ஏழு நாளும் எனக்குப் பக்கத்தில குந்தியிருந்தால் வீட்டில ரண்டு வருத்தக்காரர்.”

நடைபாதையில்

விசாரணை முடிந்து நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பழைய பயிற்றுநர் வந்தார். அறுபது வயதிருக்கும். கல்லூரியின் நீல ஜக்கெட். அவருடைய கல்லூரி நிதுஷாவுக்கு விடுவிப்புக் கடிதம் கொடுக்க மறுத்திருந்தது. அதுவும் அவளுக்கு எதிராக எண்ணப்பட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பிரெஞ்சில், மிக மெதுவாகத்தான் சொன்னார். அன்று பின்னேரமே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியும்விட்டார்.

“நீ கிண்ணம் தேடிப் போனாய் என்று நினைத்து நான் ஒரு கோடை முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பெட்டிகளை நானே காரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருப்பேனே.”

நவம்பர்

தீர்ப்பு பன்னிரண்டு பக்கம். தாயின் நோய் உண்மையான காரணம் என்று குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் உண்மை முதல் படிவத்தில் இல்லை, பிந்தி வந்தது, படிவத்தில் கையெழுத்திட்ட குடும்பமே அதற்குப் பொறுப்பு. ஆகவே இலையுதிர்கால ஆட்டங்கள் இல்லை, ஜனவரியிலிருந்து விளையாடலாம். நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று லூசி யோசித்தார். போனாலும் நாள் கிடைப்பதற்குள் ஜனவரி வந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

நவம்பரில் பல்கலைக்கழகப் பயிற்றுநர் சொன்னபடி வந்தார். நானும் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன் மற்றவர்கள் அடித்துப் பழக நிதுஷா பந்து தூக்கிக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே இடம். மணி அடித்ததும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்து வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள். பல்கலைக்கழகக்காரர் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து குறிப்பேட்டைத் திறந்தார். தவராசா தொழிற்சாலைச் சட்டையோடு எனக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டாவது செற் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அஞ்சு வரி விட்டிருந்தவங்கள் அக்கா. ஒரு வரியில உண்மையை எழுதியிருந்தால் இவள் இப்ப உள்ளுக்கை நிண்டிருப்பாள்.”

ஜனவரி

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் குடும்பம் முழுக்க வந்தது. புவனா இரண்டு கம்பளிக்குள் புதைந்து முன்வரிசையில் இருந்தார். ரொரன்ரோவிலிருந்து நிரோஷி வந்திருந்தாள். பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். தவராசாவின் முகம் வெளியில் கிடந்த பனியைவிட வெளுத்திருந்தது. நிதுஷா முதல் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். யாரோ ஓங்கி அடித்தார்கள். புள்ளி. எல்லோரும் எழுந்து கைதட்டியபோது புவனாவால் மட்டும் எழும்ப முடியவில்லை. மாப்பிள்ளை திரும்பி, ‘இருங்கோ மாமி, முந்தநாளும் ஆஸ்பத்திரியால பிந்தித்தானே வந்தனீங்கள்’ என்று சொல்லிக் கம்பளியை இழுத்து மூடிவிட்டார்.

தவராசா அவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது என்று தட்டுத்தடுமாறித் தொடங்கினார். மாப்பிள்ளை அவரை முடிக்க விடவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து இன்றுவரை நிதுஷாவுக்குப் பதில் வரவில்லை. ஆனால் மாப்பிள்ளை சொன்ன பதிலை நான் கேட்டேன்.

“மாமா, நிரோஷி என்னோட கதைச்ச முதல் நாளே சொன்னவ. நீங்களா வாய் திறந்து சொல்லுற வரைக்கும் நாங்கள்தான் காத்துக்கொண்டு இருக்கிறம்.”

பதினெட்டு வருட வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: யாருக்குத் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைக்கிறோமோ அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும், கட்டாயம் தெரிய வேண்டிய, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூன்று பேருக்குத்தான் ஐந்து வரி இடம் இருந்தும் எழுதாமல் விட்டுவிடுகிறோம்.