ஐந்தாவது பியூஸ்

பியூஸ் போகும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? பெரிய சத்தமொன்றும் இல்லை. 'டிக்'. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வரும் அமைதி இருக்கிறதே... அதுதான் பெரிது.

போன வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் ஒத்திகை. என் கிட்டார் அம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டேன். டிக். புதுப் பியூஸ் மாற்றி மறுபடியும் போட்டேன். மறுபடியும் டிக்.

இது வால்வு அம்ப். கண்டியில் ஒரு ஹோட்டல் இசைக்குழு கலைந்தபோது வாங்கியது. உள்ளே வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்கள் சூடேறி எரியும். கிட்டாரின் குரல் தடித்து, கொஞ்சம் கரகரத்து வெளியே வரும். அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு பாரத்தையும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கலைவிழா. மேடையில் நாங்கள் மூன்று பேர். மூவருமே கண்டியில் படிப்பிக்கும் ஆசிரியைகள். பாட ஒருத்தி, கீபோர்டுக்கு ஒருத்தி, கிட்டாருக்கு நான். இது எங்கள் முதல் மேடை. அதுவும் நான் பிறந்த தோட்டம். என் அக்கா இன்றைக்கும் அங்கே கொழுந்து எடுக்கிறாள். நாற்பத்தாறு வயதில் கிட்டாரோடு மேடை ஏறப்போகிறேன் என்று அவள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இரவல் வாங்கலாமே என்பீர்கள். கேட்டேன். அந்த ஞாயிறு முகூர்த்த நாள். கண்டியில் எனக்குத் தெரிந்த எல்லா அம்பும் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகிறது.

விழாக் குழுச் செயலாளருக்கு விஷயம் எட்டிவிட்டது. உடனே போன்.

"கவலப்படாதீங்க டீச்சர். மியூசிக் ட்ராக் போட்டு விட்ருவோம். நீங்க சும்மா கிட்டார மாட்டிக்கிட்டு நின்னா போதும். பொம்பளைங்க கிட்டாரோட நின்னா பாக்க நல்லா இருக்கும்."

"நான் நிக்கிறதுக்கு வரலைங்க. வாசிக்கிறதுக்கு வாறேன்" என்றேன். எதை வைத்து வாசிப்பது என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

வெள்ளிக்கிழமை, நகரத்தில் ஒரு திருத்துமிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூன்றாவது பியூஸைப் போட்டுப் பார்த்தார். டிக். "வால்வு போயிருச்சு மிஸ்" என்றார். அம்போடு வந்த உபரி ஜோடி என் பையில் இருந்தது. அதைப் பொருத்தி, நான்காவது பியூஸையும் போட்டார். அம்ப் உயிர் பெற்றது. கடையிலேயே நின்று வாசித்தேன். பத்து நிமிடம் சொர்க்கம். பிறகு... டிக்.

அவர் அசரவில்லை. மேசையில் கிடந்த சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உருவினார்.

"இதச் சுத்திப் போட்டா இனி போகவே போகாது."

"பியூஸ் போகாது. பதிலுக்கு எது போகும்?"

சிரித்தார். "ட்ரான்ஸ்போமர் சூடாகும்தான். உங்க நிகழ்ச்சி வரைக்கும் தாங்கும். இதெல்லாம் நீங்க ஏன் மிஸ் யோசிக்கிறீங்க? இது பொம்பளைங்க மண்டைய உடைச்சுக்கிற வேல இல்ல."

கழற்றிய ஸ்க்ரூக்களைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அம்பைத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது, அந்த நேரத்தில் அது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை முச்சக்கரவண்டி பிடித்து மடவளைக்குப் போனேன். ரிஸ்வானா வீட்டுக்கு. உயர்தர வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். இப்போது பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் அளவு கருவிகளைத் திருத்துவது அவள் உத்தியோகம். கிட்டார் அம்பை அவள் அதுவரை திறந்ததே இல்லை.

கதையை முழுக்கக் கேட்டாள். "நாலு பியூஸ் போயும் ஏன் போவுதுண்டு ஒருத்தரும் கேக்கல்லியா வசந்தி?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கணிதம் படிப்பிப்பவள் நான்.

அவள் வழி எளிமையானது. மின்சாரம் அம்புக்குப் போகும் பாதையில், பியூஸுக்குப் பதிலாக, பழைய மாதிரி இழை பல்ப் ஒன்றை இடையில் பொருத்த வேண்டும். உள்ளே கோளாறு இருந்தால் பல்ப் பளீரென்று எரியும். அம்புக்குப் பெரிய சேதம் வராது. நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் இழை பல்புக்கு எங்கே போவது? மூன்று கடை ஏறி இறங்கினோம். எல்லாம் எல்.ஈ.டி.

கடைசியில் பக்கத்து வீட்டு ஃபரீதா ராத்தாவிடம் கிடைத்தது. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க அவர் பெட்டிக்குள் அந்தப் பல்பைத்தான் எரியவிட்டிருந்தார்.

"ஒரு மணித்தியாலம்தான். குஞ்சுகளுக்குக் குளிரும்" என்றார். பெட்டியைச் சாக்கால் மூடிவிட்டு, பல்போடு அவரும் வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரிஸ்வானா என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்குமாம். அதை வடிய விட்டு, மீட்டரில் பார்த்து, அதன் பிறகுதான் கை வைத்தாள். ஒரு கையை மட்டும். மின்சாரம் நெஞ்சைக் கடக்காமலிருக்க மற்றதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

முதலில் பெரிய வால்வுகள் இரண்டையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். பல்ப் ஒருதரம் மின்னி, மங்கியது. "ட்ரான்ஸ்போமர் நல்லா ஈக்கிது" என்றாள்.

பிறகு வால்வுகளைப் பொருத்தினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அரை நிமிடம் ஒன்றுமில்லை. மெல்ல மெல்லப் பல்ப் வெளிச்சம் ஏறியது. வலப்பக்க வால்வின் உள்ளே இருக்கும் தகடு சிவக்கத் தொடங்கியது. உடனே அணைத்தாள்.

"வலப்பக்கத்தவன்தான் கள்ளன்" என்றார் ஃபரீதா ராத்தா. நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே?

சூடு ஆறியதும் ரிஸ்வானா இரண்டையும் இடம் மாற்றினாள். இடப்பக்கத்தில் நல்ல பிள்ளையாக இருந்தது வலப்பக்கம் போனது. சுவிட்ச். அரை நிமிடம்.

இப்போது அது சிவந்தது. கள்ளன் என்று நாங்கள் தீர்ப்பு எழுதிய வால்வோ இடப்பக்கத்தில் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"குறை வால்வுல இல்ல" என்றாள் ரிஸ்வானா. "அத வெச்ச எடத்துல ஈக்கிது."

அந்த இடத்துக்குப் பின்னால் விரல்கணு அளவில் ஒரு கெப்பாசிட்டர். பாட்டை மட்டும் உள்ளே விட்டு, உயர்ந்த மின்னழுத்தத்தைத் தடுப்பது அதன் வேலை. அது கசிந்துகொண்டிருந்தது. அங்கே எந்த வால்வை வைத்தாலும் அளவுக்கு மீறி உழைத்துச் சிவந்துதான் சாகும்.

எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பு இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு சரியில்லை என்று இரண்டு வருடத்தில் மூன்று ஆசிரியர்களை மாற்றினார்கள். மூவருக்கும் 'திறமை போதாது'. மழை பெய்தால் ஒரு சொல்லும் கேட்காத அந்தத் தகரக் கூரையைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அக்காவைத்தானே ஏசுகிறார்கள்? செடியை எவர் குனிந்து பார்க்கிறார்?

புதுக் கெப்பாசிட்டர் ரிஸ்வானாவின் மேசை லாச்சிக்குள் இருந்தது. பாதுகாப்புக்காக இரண்டு பக்கமும் மாற்றினோம். இரண்டாவதை நானே ஈயம் வைத்து ஒட்டினேன். கொஞ்சம் கோணல், பரவாயில்லை, பிடித்துக்கொண்டது. சோதித்துப் பார்த்துவிட்டுப் பல்பைக் குஞ்சுகளிடம் திருப்பிக் கொடுத்தோம். அம்பின் முதுகில் எழுதியிருந்த அதே அளவில் ஐந்தாவது பியூஸ். வெள்ளித்தாள் கிடையாது. ஒரு மணித்தியாலம் விடாமல் வாசித்தேன். பியூஸ் அசையவில்லை.

செயலாளருக்கு நானே போன் எடுத்தேன். "ட்ராக் வேணாம். மேடையில ஒரு பிளக் பொயின்ட் மட்டும் வேணும்."

"எதுக்கும் ரெடியா வச்சிருக்கோம் டீச்சர்" என்றார்.

வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசிவரை அது அப்படியே இருந்தது. நாங்கள் ஐந்து பாட்டு வாசித்தோம். மூன்றாவது பாட்டில் பின்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். நடுவில் அக்கா, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. முன்வரிசையில் மாலை போட்டிருந்த பெரியவர்களுக்குத்தான் முகம் சுருங்கியது. சத்தம் கூடிவிட்டது, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்று செயலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

குறைக்கவில்லை.