அவள் தட்டாமல் எடுத்த வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. முப்பத்தோரு வருஷம் மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்தவன். நெடுங்காட்டுப் பக்கம் சுடுகாட்டை ஒட்டி ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு, மழை என்றால் முதலில் போவது அதுதான், எத்தனையோ முறை தனியாகப் போய் ஃபியூஸ் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறேன். எதுவும் வந்து பங்கு கேட்டதில்லை. யாராவது இந்த மாதிரிக் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது நானே சொல்கிறேன். நீங்கள் எழுந்து போனாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

என் மனைவி பெயர் அம்சவல்லி. அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அம்சா பிறந்தது மார்செய் பட்டணத்தில். நாலு வயதில் இங்கே நெரவிக்குத் தூக்கிவந்துவிட்டார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் பீரோவில் இருக்கும், ஆனால் திரும்ப ஒரு தடவைகூட அந்த ஊருக்கு அவள் போகவில்லை. இன்று போகலாம் நாளை போகலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஊரைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று. "எங்க வீட்டுக் கதவுல ஒரு கை தொங்கும்ங்க. வெறும் கை மட்டும்" என்பாள். "தலையைத் தின்னுட்டு கையை மாட்டிட்டாங்களாக்கும்" என்று முப்பத்துமூன்று வருஷம் கேலி செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கல்யாணமான புதிதில் தரங்கம்பாடியில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது பூவத்தில் பெட்ரோல் போட்டோம். எங்கள் எல்லைக்குள் பெட்ரோல் விலை குறைவு என்பதால் தமிழ்நாட்டு வண்டியெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும், நல்ல கூட்டம். அவள் இறங்கி ஓரமாக நின்றாள். நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்து, அவள் பின்னால் இருக்கிறாள் என்றே நினைத்து, அவள் அக்கா புருஷனைத் திட்டிக்கொண்டே கோட்டுச்சேரி தாண்டி வந்துவிட்டேன். பதிலே இல்லையே, கோபித்துக்கொண்டாளோ என்று திரும்பிப் பார்த்தால் சீட் காலி. மொபைல் எல்லாம் இல்லாத காலம். நான் திரும்பிப் போனபோது நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. விட்ட இடத்திலேயே பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்து, இடதுகாலை ஃபுட்ரெஸ்டில் வைத்து, என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். "இனிமே நான் தட்டாம வண்டிய எடுக்காதீங்க" என்றாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவள் தட்டுவாள், நான் கிளம்புவேன். ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் பக்கத்து வீட்டுப் பெண் ஏறிக்கொண்டாள். அங்கே அலைய வண்டி வேண்டுமே என்று நான் பைக்கில் பின்னாலேயே போனேன். "பாத்து வாங்க" என்றாள் அம்சா, அதுதான் கடைசி. பாதி வழியில் ஆம்புலன்ஸ் ஓரமாக நின்றது. ஏன் நிற்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் வண்டியைச் சரியாக ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் நடந்து போனேன். அழவில்லை. காரியம் வரைக்கும் அழவில்லை, அதற்கப்புறமும் இல்லை. ஷாக் அடித்த விரலுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது பாருங்கள், அந்த மாதிரி இருந்தது. அது போகவே இல்லை. பைக்கைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து மகன் என்னை மார்செய்க்குக் கூட்டிக்கொண்டு போனான். அம்மா வழியில் அவனுக்குக் குடியுரிமை, அங்கேயே வேலை. "இங்கயே இருந்துடுங்கப்பா, தனியா அங்க என்ன செய்யப் போறீங்க" என்று தினமும் சொல்வான். முடியாது என்று நானும் தினமும் சொல்வேன். பகலில் அவன் வேலைக்குப் போய்விடுவான். எனக்கு முழங்கால் வலி, அந்த ஊரோ ஏற்றமும் இறக்கமும். பார்த்துவிட்டு ஒரு நாள் வாடகைக்கு வண்டி எடுத்துக் கொடுத்தான், நூற்றிருபத்தைந்து சிசி. ஊரிலிருந்து எடுத்து வந்திருந்த இன்டர்நேஷனல் பர்மிட்டைக் காட்டினேன். வெயில் கொளுத்துகிறது, ஆனால் கையுறை போடாமல் ஓட்டக்கூடாதாம். கடைக்காரன் வண்டியைச் சுற்றிச் சுற்றி மொபைலில் படம் எடுத்துக்கொண்டான், திரும்பக் கொடுக்கும்போது கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மகன் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். கிளம்பவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைக்காரன், பாவம், இவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து எதிரில் வந்து நின்று கையால் ஏதோ காட்டினான். அப்போது வண்டி பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. என் தோளில் இரண்டு தட்டு. கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். முதல் சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது, கடைக்காரன் எனக்கு எதிரில் அல்லவா நின்றான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பயம் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவள் பின்னால் இருந்தால் எப்படி ஓட்டுவேனோ அப்படி ஓட்டினேன், மேடு பள்ளம் வந்தால் முன்கூட்டியே பிரேக் போட்டு, வளைவில் சாய்க்காமல். பழைய துறைமுகத்தைச் சுற்றினேன், கற்கோட்டையைப் பார்த்தேன். எங்கே திரும்பினாலும் மலை மேலே ஒரு மாதா கோவில், உச்சியில் பொன்னால் சிலை. "அதோ பாரு, மாதா கோவிலு" என்று ஹெல்மெட்டுக்குள் சொன்னேன். நம்பினால் நம்புங்கள், ஊரில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனேன். ஏற்றத்தில் வண்டி இரண்டு பேரைச் சுமக்கிற மாதிரிதான் முக்கியது. முப்பது வருஷம் அவளை வைத்து ஓட்டியவனுக்கு அந்தக் கனம் தெரியாதா.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், அங்கே அது நல்ல பகல். துறைமுகத்துக்கு மேலே பழைய குடியிருப்பில் வழி தவறிவிட்டேன். எல்லாம் ஒருவழிப் பாதை, கைக்கெட்டும் அகலத்தில் சந்துகள், தலைக்கு மேலே துணி காய்கிறது. ஒரு சந்தில் சாமான் இறக்குகிற வேன் குறுக்கே நின்றது. நானும் நின்றேன். நின்றதும் பின்பக்கம் மேலே எழும்பியது. ஆள் இறங்கினால் ஸ்பிரிங் எழும்புமே, அதேதான். தோள் லேசாகிவிட்டது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த பழைய கதவு. அதன் நடுவில் பித்தளையில் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வரைக்கும் கை மட்டும், விரல்களுக்குள் ஒரு குண்டு. தட்டுவதற்காக வைத்தது.

நான் காத்திருந்தேன். பார்த்துவிட்டு வரட்டும், ஏறித் தட்டட்டும் என்று ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். வேன் போய்விட்டது. பின்னால் ஒரு கார்க்காரன் வந்து ஹாரன் அடித்தான். இன்னும் அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்துவிட்டான். தோளில் எதுவும் இல்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

ஒரு சுற்றுச் சுற்றி அதே சந்துக்கு வந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஒருவழிப் பாதை என்னை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று தெரியாது, அந்தச் சந்து கிடைக்கவில்லை. ஏழு மணிக்குக் கடையை மூடிவிடுவான். கடைசியில் காலி வண்டியோடு போய் நின்றேன். கடைக்காரன் சுற்றிப் பார்த்தான், கீறல் இல்லை. பின்னால் குனிந்தவன் ஏதோ கேட்டான். பார்த்தேன். பின்சீட்டின் இடது ஃபுட்ரெஸ்ட் மட்டும் விரிந்திருந்தது. வலது பக்கம் மடக்கியபடியே இருந்தது. காலையில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிக் கையால் கேட்டேன். காட்டினான். இரண்டும் மடங்கியிருந்தன. அந்த ஊரில் பின்னால் உட்காருகிறவர்கள் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருகிறார்கள், நான் பார்த்தேன். அவன் காலாலேயே அதைத் தட்டி மடக்கிவிட்டு உள்ளே போனான்.

மகனிடம் கதவைப் பற்றி மட்டும் கேட்டேன். "அந்த மாதிரி கை வச்ச கதவு இங்க தெருவுக்கு நாலு இருக்குப்பா" என்றான். இருக்கலாம். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தே தேடினேன். நிறையக் கைகள் இருந்தன. பச்சைக் கதவும் வேன் நின்ற சந்தும் இல்லை. அதற்கு மறுநாள் எனக்கு விமானம்.

ஊருக்கு வந்து பைக்கின் மேலிருந்த துணியை எடுத்தேன். தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிப் பஸ்ஸில் போகிறேன். எதிர்வீட்டுக்காரர் பேட்டரி போய்விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வருஷத் திதி முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். மார்கழியில் முடித்தாயிற்று. இருக்க வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன், அவனுக்கு ஒரே சந்தோஷம், எனக்கென்று ஒரு அறைகூடத் தயார் செய்திருக்கிறான். அப்பாவுக்குத் தனிமை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், நினைத்துக்கொள்ளட்டும். வந்ததும் அதே கடையில் வண்டி எடுத்துத் தர வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. எனக்கு ஒரே ஒரு கணக்குதான் உறுத்துகிறது. பூவத்தில் அவள் நின்றது நாற்பது நிமிஷம். அந்தச் சந்தில் அவளை விட்டுவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது.