மதாமின் அடுப்பில் காய்ச்சிய பால்

அந்த வீட்டை நான் மூன்று தரம் பார்த்தேன். வாங்குவதற்கு முன் ஒரு தரம், வாங்கிய பின் ஒரு தரம், அதில் குடியிருந்த மதாம் சாவியைத் திருப்பித் தந்த அன்று ஒரு தரம். மூன்றாவது தரம்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

பாரிசில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். காசு வாங்கும் இடத்தில் நிற்பவளுக்கு ஊர்க்கதை எல்லாம் தானாகக் காதில் விழும். யார் எங்கே வீடு வாங்கினார்கள், யாருடைய புதுவீட்டுக் குடிபூரலுக்கு எத்தனை பேர் போனார்கள், எல்லாம் தெரியும். எனக்கென்று ஒரு குடிபூரல் மட்டும் இருந்ததில்லை. பாரிசுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில், அரசாங்க அடுக்குமாடியில்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்தோம். பாரிசைச் சுற்றி எங்கள் சம்பளத்துக்கு ஒரு கார் நிறுத்தும் இடம்கூட வாங்க முடியாது.

கடைக்கு வரும் வீட்டுத் தரகர் ஒருவர்தான் வழி சொன்னார். தென்கிழக்கே, ரயிலில் மூன்று மணி நேரம் போனால் ஒரு பழைய சுரங்க நகரம். "அக்கா, ஒண்டும் யோசியாதேங்கோ. குளியலறை, யன்னல் எல்லாம் புதுசாப் போட்டாச்சு. வாடகைக்கு ஆளும் இருக்கு. நீங்கள் கையெழுத்தைப் போட்டிட்டு கார்ஜில இருந்துகொண்டே வாடகையை எடுக்கலாம்" என்றார். இப்படி எல்லாம் முடித்துத் தரும் வீட்டுக்கு பிரெஞ்சுக்காரர் "சாவி கையில்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓய்வுக் காலத்துக்கு அந்த வாடகை உதவும் என்று நானும் கணவரும் துணிந்தோம்.

முதல் தரம் போனபோது அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். நான் தொலைபேசியில் திசை பார்த்தேன். வாசல் கிழக்கு. அடுப்பு அக்கினி மூலையில். எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கே வாடகைக்கு இருந்த, எழுபது வயது தாண்டிய ஒரு மதாம், நாங்கள் போகிற அறையெல்லாம் பஸ்ஸில் வழி விடுகிறவர்போல ஒதுங்கி ஒதுங்கி நின்றார். அவருடைய அலுமாரியைக்கூடத் திறந்து சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டோடு சேர்த்து விற்கிற சாமான்போல அவரையும் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுப் பத்திரம் முடிக்கும் நொத்தேரிடம் கையெழுத்து வைத்த நாளிலிருந்து கடையில் ஒரே கேள்வி, "அக்கா, குடிபூரல் எப்ப?" என்று. வாடகைக்கு விடுகிற வீடு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பிறகு எனக்கே மனம் கேட்கவில்லை. என் பெயர் எழுதிய முதல் வீடு. ஒரு சொட்டுப் பால் பொங்காமல் விடுவதா? பஞ்சாங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

"ஆக்கள் இருக்கிற வீட்டில போய் ஆர் பால் காய்ச்சுறது? உமக்கு விசரே?" என்றார் கணவர்.

"என்ரை வீடு. நான் காய்ச்சுறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ."

வந்தார், பாவம். அவர்தான் நிறைகுடத்தையும் சுமந்தார்.

வருகிறோம் என்று தரகர் மூலம் சொல்லியிருந்ததால் மதாம் கேக் செய்து மேசையில் வைத்திருந்தார். முதலில் பால்தான் குடிக்க வேண்டும் என்று நான் அதைத் தொடவில்லை. அவருடைய சூப்புச் சட்டியை அடுப்பிலிருந்து நானே தூக்கிக் கீழே வைத்துவிட்டு, கொண்டுபோன புதுச் சட்டியை ஏற்றினேன். பால் பொங்கி வழிந்தபோது மதாம் பதறிக்கொண்டு நிறுத்த ஓடி வந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"விடுங்கள், வழிய வேண்டும். சொந்த வீட்டுக்கு முதல் நாள் வரும்போது எங்கள் குடும்பங்களில் இப்படித்தான் செய்வோம்" என்று எனக்குத் தெரிந்த கடைப் பிரெஞ்சில் விளக்கினேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

மதாம் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார். "நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"நாலு பேர். இரண்டு மகள்மார்."

"சின்ன அறை குளிர்காலத்தில் குளிரும்" என்றார்.

பழகப் பார்க்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். நான் கொடுத்த பாலை ஒரு மிடறு விடாமல் குடித்தார். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கேக் வெட்டாமலே கிடந்தது.

இரண்டு கிழமையில் மதாமிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. வீட்டை விடுகிறேன் என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து. காரணம் எழுதவில்லை. தரகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்களுக்கு அதிர்ஷ்டம், அக்கா. மனுசி தானாப் போறா. வாடகையைக் கூட்டிப் போடலாம்." பொய் சொல்லக்கூடாது, எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பால் பொங்கிய பலன் என்றுகூட கணவரிடம் சொன்னேன்.

சாவி வாங்கும் நாளில் கணவருக்கு வேலை. நான் தனியாகப் போனேன். வீடு விடும்போது சொந்தக்காரரும் குடியிருந்தவரும் அறை அறையாகப் பார்த்து ஒரு படிவத்தில் நிலைமையை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மதாம் தன் பிரதியை முதல் நாளே பென்சிலால் நிரப்பி வைத்திருந்தார். வீடு வெறுமையாக இருந்தது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளை எல்லாம் அடைத்திருந்தார். சின்ன அறையின் யன்னல் விளிம்பைச் சுற்றி, காற்றுப் புகாமல் ஒரு பஞ்சுப் பட்டி புதிதாக ஒட்டியிருந்தது.

"உங்கள் மகள்மாருக்காக ஒட்டினேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "அவர்கள் இங்கே வரமாட்டார்கள், மதாம். நாங்கள் பாரிசுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறோம்."

அவர் கையிலிருந்த படிவத்தை மெதுவாகத் தாழ்த்தினார். "அப்படியென்றால் அந்தப் பால்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. அது ஒரு வழக்கம் மட்டும்தான், உங்களைப் போகச் சொல்லவில்லை, இருங்கள், தயவுசெய்து இருங்கள் என்று தமிழும் பிரெஞ்சும் கலந்து ஏதேதோ சொன்னேன். அவர் காலில் விழாத குறை.

"பத்தொன்பது வருடம் இருந்தேன்" என்றார் மதாம். "என்னை எழும்பச் சொல்லும் கடிதத்துக்குக் காத்திருக்க எனக்குத் துணிவில்லை. நானே போவது நல்லது என்று நினைத்தேன்." தளபாடங்களைக் கொடுத்துவிட்டார். முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்கு ஒப்பமும் வைத்துவிட்டார். கட்டிலும் கதிரையும் இல்லாத வீட்டில் அவரை எங்கே இருக்கச் சொல்வது? அந்த இல்லத்துக்கு நான் அழைத்து, நீங்கள் வரவில்லை என்று சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதேன். அவர்தான் கைக்குட்டை எடுத்துத் தந்தார்.

பிறகு, குசினி இன்னும் பார்க்கவில்லை என்று நினைவூட்டினார். கீழே அவரை ஏற்றிப்போக டாக்ஸி வந்துவிட்டது. அடுப்பை மினுங்கத் துடைத்து வைத்திருந்தார். ஓரத்தில் மட்டும் கருகிய ஒரு பழுப்புக் கறை. படிவத்தில் அடுப்பு என்ற வரிக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தார்: "ஒரு கறை இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. என் முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். மன்னிக்கவும்."

அது நான் பொங்கவிட்ட பால்.