மூன்றாவது சத்தம்

பதினோரு வருஷமாக அவள் துணி துவைக்கும் இயந்திரங்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் இறங்கவில்லை, சுற்றவில்லை, கதவு திறக்கவில்லை என்று யாராவது அழைப்பார்கள். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று அவள் சொல்வாள். முதல் ஒன்பது வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னாள். பேருந்தில் போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால், பெரும்பாலும் நின்றபடி. முதுகெலும்பில் டிஸ்க் விலகி இருபது நாள் படுத்த பிறகு, டாக்டர் சீட்டைக் காட்டி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினாள்.

அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அழைப்பில் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. ஒரே மாதத்தில் மூன்று முறை கேட்டால் மறுபடி அலுவலகம்தான். இன்று மாதக் கடைசி. இரண்டு ஆகிவிட்டது. ஒன்று மிக்ஸி. இன்னொன்று நாத்தனார் வீட்டுக்காரரின் தும்மல்.

நாத்தனார் குடும்பம் வந்து ஆறு நாள் ஆகிறது. பள்ளி விடுமுறை. இரண்டு பையன்கள். இவள் கணவனும் லீவு போட்டிருந்தான். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் ஆறு பேர். அதில் ஐந்து பேருக்கு விடுமுறை. விடுமுறை நாட்களில்தான் இயந்திரங்களும் அதிகம் மக்கர் பண்ணும். வீட்டில் ஆள் இருக்கிறது, துணி குவிகிறது, ஓயாமல் ஓட்டுகிறார்கள்.

வீட்டில் இருப்பதில் சுகம் இல்லை என்று சொல்ல முடியாது. சூடாகச் சாப்பிடலாம். பழைய நைட்டியோடு உட்காரலாம், யார் பார்க்கப்போகிறார்கள். மதிய இடைவேளையில் பத்து நிமிஷம் வெறுந்தரையில் முதுகை நீட்டிக் கிடக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவள் இந்த ஏற்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஆறு நாளில் அதுவும் போயிற்று. இடைவேளையில் காய் நறுக்கினாள்.

"வீட்லதானே இருக்கே, மத்தியானம் நீ பாத்துக்கக் கூடாதா?" என்று முதல் நாளே நாத்தனார் கேட்டிருந்தாள்.

"வாயடிக்கிறதுக்கு சம்பளம் குடுக்கறாங்க. நம்ம வீட்ல இவ ஓசியிலேயே அடிக்கிறா" என்றார் நாத்தனார் வீட்டுக்காரர், மனைவியைக் காட்டி.

"ஆமாண்ணா, இங்க யாருக்காவது தும்மல் வந்தா என் வேலை போகும்" என்று அவளும் சிரித்தாள். அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

அவள் விளக்கவில்லை. விளக்கினால் நாத்தனார் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள், அந்தப் பெட்டி கட்டிய கதை பத்து வருஷம் ஓடும். கணவனுக்கு மட்டும் தெரியும். "கொஞ்சம் அனுசரிச்சுக்கோயேன்" என்றான். யாரை, எதை என்று சொல்லவில்லை.

அவளால் முடிந்தது ஒரு சிவப்புத் துண்டு. அறைக் கதவின் கைப்பிடியில் துண்டு தொங்கினால் யாரும் உள்ளே வரக் கூடாது, வாசலில் கத்தக் கூடாது. பையன்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. துண்டைப் பார்த்ததும் நுனிக்காலில் நடந்தார்கள், ஒருவன் வாயை மற்றவன் பொத்தினான். தாழ்ப்பாள் இருந்தால் வேலை சுலபம். அது போன வருஷமே உடைந்துவிட்டது. அறைக்குள் இரும்பு பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, நடுவில் நாற்காலியைப் போட்டு, தொங்கும் புடவைகளைப் பார்த்து உட்காருவாள். துணி சத்தத்தைக் குடிக்கும்.

பதினொன்றரைக்கு ஒரு பெண் அழைத்தாள். இயந்திரத்தின் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது, உள்ளே ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய துணி மொத்தமும் இருக்கிறது, மூன்று மணிக்கு ரயில். அந்தப் பக்கமும் ஒரே இரைச்சல். குழந்தைகள், டிவி, யாரோ யாரையோ கூப்பிடுவது.

"கீழ ஒரு சின்ன மூடி தெரியுதாங்களா? அதைத் திறந்தா உள்ள ஒரு கயிறு மாதிரி இருக்கும்."

"இருங்க, படுத்துத்தான் பாக்கணும்."

"மெதுவா பாருங்க. நான் இருக்கேன்."

அப்போது கதவு படாரென்று திறந்தது. சின்னவன் பீரோக் கதவில் மோதினான். பின்னாலேயே பெரியவன்.

"அத்தே! கடிச்சுட்டான் அத்தே! ரத்தம் வருது!"

"வரவே இல்ல! பொய்!"

சத்தத்தை அடைக்கும் பொத்தானை அவள் அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பையன்களின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, அங்க அடிதடியா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கயிறு தெரியுதுங்களா?"

"தெரியுது. இழுக்கறேன். அட, திறந்துடுச்சு! நல்லா இருப்பீங்க."

வெளியே வந்து கைப்பிடியைப் பார்த்தாள். துண்டு இல்லை. பால்கனிக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு அழுக்கு தெரியுமா அதுல?" என்றாள் நாத்தனார், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி. "நீ பாவம் ஓய்வே இல்லாம கிடக்கறே. உன் துணி எல்லாத்தையும் நானே கையால அலசிப் போட்டுட்டேன்."

பக்கெட்டில் அவளுடைய மூன்று நைட்டிகள் பிழிந்து கிடந்தன. திட்டுவதற்கு ஒரு இடம்கூட விடவில்லை.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்" என்றாள்.

நாலு மணிக்குக் 'காது' அழைத்தாள். அழைப்புப் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடும் மேற்பார்வையாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் அது. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். இதுவரை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"பதினொண்ணரைக்கு வந்த போன் கால் கேட்டேன்" என்றாள் காது. "இது மூணாவது."

"தெரியும் மேடம்."

"சத்தம் எங்கேருந்துன்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு. அதை உங்ககிட்ட கேட்டுத்தான்..."

காதின் குரலுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு உருண்டு நின்றது. ஒரு குழந்தை வீறிட்டது. ஒரு கிழவர் குரல், "இங்க யாருமே இல்லையா?" என்றது.

காது எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"எங்க வீட்லயும் வந்திருக்காங்க" என்றாள் காது. "எட்டு பேர்." பிறகு பழைய குரலில், "அந்தக் கஸ்டமர் வீட்ல குழந்தைங்க இருந்துது இல்ல? சத்தம் அங்கேருந்துதானே?" என்றாள்.

அத்தை என்று கூப்பிட்டது பதிவில் தெளிவாக இருக்கும். காது அதைக் கேட்காதவள் இல்லை.

என் வீடுதான் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. எட்டு மணி நேரத்துக்கு யாரும் உப்பு எங்கே என்று கேட்கமாட்டார்கள். யாரும் அவள் நைட்டியைத் துவைக்கமாட்டார்கள். அதை நினைத்தபோது உடம்பு லேசாயிற்று. பிறகு பேருந்தின் கம்பி ஞாபகம் வந்தது. முதுகு அவளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

"அவங்க வீட்லேருந்துதான் மேடம்."

"சரி. அப்படியே போட்டுடறேன்" என்றாள் காது. அழைப்பைத் துண்டித்தாள்.

அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். காதுமடல் எரிந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. எதிலிருந்து தப்பித்தாள் என்று சொல்ல வேண்டுமானால் யாரிடமிருந்து என்றும் சொல்ல வேண்டும்.

கதவு திறந்தது. நாத்தனார், டீயோடு.

"உன் வீட்டுக்காரன் விடமாட்டேங்கறான். இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்கறான். உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

"இருங்க அண்ணி" என்றாள்.

டீ சூடாக இருந்தது, சர்க்கரை அதிகம். நாளைக்கு ஒன்றாம் தேதி, புது மாதம். இரண்டு சத்தம் வரை தாங்கும். நாலு நாள்.

அடுத்த அழைப்பு வந்தது.