மொட்டை மாடிப் பூசணி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்தேன், செங்காங்கில் வீடு வாங்கினேன், இரண்டு பெண்களை வக்கீலாக்கினேன். அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சாதனை ஒரு பூசணிக்காய்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்து மொட்டை மாடியில் பொதுத் தோட்டம் இருக்கிறது. அங்கே பூசணி வளர்த்தவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. முறம் போல் தொப்பி, முழங்கை வரை கையுறை. தினமும் காலையில் கொடியை விசாரிப்பார்.

"வேரு, தண்ணி குடிச்சியா? தண்டு, மேல ஏத்தினியா? இலை, வெயில்ல சமைச்சியா? பூவு, காய் எங்க லா?"

அவ்வளவு உயரத்துக்குத் தேனீ வருவதில்லையாம். காய் பிடிக்காவிட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டு இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டுமாம்.

அவருக்கு முன்பே போய் அந்தக் கொடியில் சாமி படத்துக்குப் பூப் பறிப்பவன் நான். எறும்பு இருக்கக் கூடாதென்று எல்லாப் பூவிலும் விரலை விட்டுப் பார்ப்பேன். அடியில் வீங்கிய பூவை மட்டும் பறிக்க மாட்டேன். நோய்ப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா?

ஒருநாள் பிடித்துவிட்டார்.

"அண்ணே, விரலெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

"சாமிக்கு மஞ்சள் அரைச்சேன் டீச்சர்."

"அது மகரந்தம்! ஆண் பூவைத் தொட்ட கையால அந்த வீங்குன பூவையும் தொட்டீங்களா? அதான் பெண் பூ!"

குனிந்து இலையை விலக்கினார். எலுமிச்சை அளவில் ஒரு காய்.

"ஐயோ, நீங்கதான் லா தேனீ!"

இப்போது காய் பானை அளவு. பக்கத்துப் பலகையில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. வேரும் தண்டும் இலையும் உழைத்ததை நான் மறுக்கவில்லை. பூவின் வேலையை முடித்தவன் நான். என் பெயரையும் எழுத வேண்டும். தேனீ என்று போட்டாலும் சம்மதம், பெரிய எழுத்தில் போட வேண்டும்.