தென்துருவத்துக்கு ஒரு கம்பளி

என் மனைவிக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பதுளை டாக்டரிடம் நான் பொய் சொன்னேன். அவள் தென்துருவக் கப்பலில் ஏறக்கூடாது என்பதற்காகவே சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் பயணத்தை ஏற்பாடு செய்தவள் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள். ஆசை அவள் அம்மாவுடையது. கல்யாணமான புதிதில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் படிப்பித்தேன். என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். ஒரு மாலை நான் தென்துருவப் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "ஒரு செடிகூட இல்லாத ஊரா? அப்ப அங்க பொறந்தவங்க கொழுந்து பறிக்க வேணாம்."

அங்கே யாரும் பிறப்பதில்லை என்றேன்.

"அது இன்னும் நல்லாருக்கு," என்று சிரித்தாள்.

அந்த ஆசை அவளை விட்டுப் போகவேயில்லை. வயதான காலத்தில் எங்கள் பதுளை வீட்டு முன்னறையில் இரண்டு பைகள் திறந்து கிடந்தன. மகள் அனுப்பிய கையுறையை மாட்டிக்கொண்டு அவள் வெங்காயம் உரித்துப் பார்த்தாள். உடுப்பில் மண்ணோ விதையோ ஒட்டியிருக்கக்கூடாது என்ற விதியைச் சொன்னதும், "தொரைமாரு அங்கயும் தேயிலை நட்டுருவாங்கன்னு பயந்துட்டாங்க போல," என்றாள்.

அவள் கொண்டுபோக நினைத்த முக்கியமான பொருள் ஒரு கறுப்புக் கம்பளி. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தபோது அவளுக்குக் கிடைத்தது. மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கிற பெண்கள் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்வார்களே, அது. ஜன்னலோரம் உட்கார்ந்து, அதில் சிக்கியிருந்த புல்விதைகளை ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பிறகு, பயணிகளுக்கான கூட்டம் ஒன்று கணினியில் நடந்தது. நான் கோட்டுப் போட்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். கம்பளியைத் தலையில் போட்டபடி அவள் பின்னால் வந்து நின்றாள். "குளிருக்கு இது போதுமான்னு கேளுங்க." திரையில் சிலர் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நான் கேமராவை அணைத்தேன்.

"போயி அந்தச் சாக்கக் கழட்டு."

"சாக்கா? இதப் போட்டுக்கிட்டு மலையில நின்னவளப் பாத்துத்தானே கட்டுனா இவளத்தான் கட்டுவேன்னு நின்னீங்க?"

நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கப்பல்காரர்கள் கேட்ட மருத்துவப் பரிசோதனை. இதயத் துடிப்பைப் பதிவதற்காக அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போன நேரத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். டாக்டர் கையெழுத்துப் போட மறுத்தார்.

அவள் அழவில்லை. "எனக்கே தெரியாம எனக்கு மூச்சு வாங்கியிருக்கு பாருங்க," என்றாள். அன்றிலிருந்து வீட்டுப் படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். பாதியில் நின்று தன் மூச்சைத் தானே கவனிப்பாள். நான் மட்டும் போவதென்று ஆனது. தன் பையைக் காலி செய்துவிட்டு என் பையை அடுக்கினாள். ஒருநாள் அதைத் திறந்து பார்த்தேன். அடியில் கம்பளியை மடித்து வைத்திருந்தாள்.

"உங்களுக்குத்தான் குளிரு தாங்காதே," என்றாள். "உள்ள போட்டுக்கங்க. யாருக்கும் தெரியாது."

மறுநாளே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "வாத்தியாரே, வைத்தியம் அவங்களுக்கு இல்ல, உங்களுக்குத்தான் வேணும்," என்றார். அவளை மறுபடி சோதித்தார். நல்ல சுகம் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான்: "கம்பளிக்காகவா?"

"ஆமா."

என் பையிலிருந்து கம்பளியை எடுத்துத் தன் பையில் வைத்தாள். என் இடத்தை மகளுக்கு விட்டுக்கொடுத்தேன். அம்மாவும் மகளும் போனார்கள்.

மகள் அனுப்பிய படத்தில், கப்பலில் கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டுக்கு மேல், தலையில் கம்பளியோடு அவள் அம்மா பனியில் நிற்கிறாள். இங்கே அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நாள் முழுக்கக் கதை சொன்னாள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்பாள்.

ஒருநாள் நானே கேட்டேன்: "அங்க எப்படி இருந்துச்சு?"

"நீங்க படிச்சது தப்புங்க. கல்லுல பாசி இருந்துச்சு."

மேலும் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கொடியில் காய்ந்த கம்பளியை மறுபக்கம் வெயில் படும்படி திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.